சொல்லாமல் விட்ட அடி

ஸ்கார்த்,
மார்ச் 9, ஞாயிறு.

அன்புள்ள கேலபுக்கு,

டெக்லனின் அம்மா ஜனீன் எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவாயோ என்று பயந்து, அனுப்புநர் இடத்தில் உன் அம்மாவின் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "உன் பேர்லயே அனுப்பு. அவன் பிரிப்பான்" என்றார். அவரை நம்பி இதை எழுதுகிறேன்.

நீ நலமாக இருக்கிறாய், அறுநூறு மாடுகள் உள்ள பண்ணையில் வேலை செய்கிறாய், விடிவதற்கு முன்பே பால் கறவைக்குப் போகிறாய் என்று அவர் சொன்னார். உலகத்தின் அந்தக் கோடியில் உனக்கு இப்போது இலையுதிர் காலம் தொடங்கியிருக்கும். இங்கே ஆடுகள் குட்டி போடுகின்றன. ஒரு வாரமாகக் கடல் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் நான் ஓட்டும் பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் உப்பு. ஸ்கார்த்துக்கும் உங்கள் ரேவன்பிக்கும் நடுவில் இரண்டு தடவை நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கிறது.

டெக்லன் நடக்கிறான். இன்று காலை கைத்தடி இல்லாமல் கடற்கரைச் சுவர் வரை போய்த் திரும்பினான். வலது கால் கொஞ்சம் இழுக்கிறது, வலது கையில் சட்டைப் பித்தான் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் நடக்கிறான். இதை எழுதும்போதே எனக்கு நம்ப முடியவில்லை. அந்தச் சுவர் வரை போகிறவர்களைப் பார்த்து நான் முன்பெல்லாம் எதையும் நினைத்ததே இல்லை. இப்போது பஸ் ஸ்டாப்பில் யாராவது கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினால்கூட, இந்தக் கையைத் தூக்கு என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்ல வேண்டும், கை அதைக் கேட்க வேண்டும், எவ்வளவு பெரிய காரியம் இது என்று நினைத்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரியாத சில விஷயங்கள் உண்டு. அவற்றில் எதை முதலில் சொல்வது என்று இரண்டு வாரமாக வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். சுலபமானதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ரக்பி இறுதி ஆட்டத்தில் நீ பார்த்தது ஒன்று, நான் மைதானத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது இன்னொன்று. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம். டெக்லன் பந்தோடு ஓடி வந்தான். நீ குனிந்து அவன் விலாவில் தோளைக் கொடுத்துப் பிடித்தாய். சுத்தமான பிடி. நடுவர் விசில் ஊதவில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற எங்கள் ஊர்க்காரர்கள்கூட அப்போது கத்தவில்லை. இரண்டு பேரும் விழுந்தீர்கள். டெக்லன் எழுந்தான். ஆட்ட விதிப்படி பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டினான். இரண்டு எட்டு நடந்தான். பிறகு கொடிக் கயிறு அறுந்து துணி விழுவது போல விழுந்தான்.

பந்து அதற்குள் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. எல்லார் கண்ணும் பந்தின் மேல். நீ மட்டும் திரும்பிப் பார்த்தாய். உங்கள் ஆட்கள், "டேய் கேலப், லைனுக்கு வாடா, என்னடா நின்னுட்டே" என்று கத்தினார்கள். நீ அவன் தலைமாட்டில் முட்டி போட்டுவிட்டாய். அவன் உடம்பு வெட்டி இழுத்தது. பல்லுக்குப் போடும் ரப்பர் கவசம் தொண்டைப் பக்கம் நழுவியிருந்தது. நீ விரலை விட்டு அதை வெளியே எடுத்தாய். அப்போது அவன் தாடை பூட்டிக்கொண்டு உன் விரலில் பல் இறங்கியது. நீ கையை உதறவில்லை. அவனை ஒருக்களித்துத் திருப்பி, தாடையை முன்னால் தூக்கிப் பிடித்து, "மூச்சு விடு, ம், மூச்சு விடு, நல்ல பையன்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எதிரணிக்காரனிடம் ஒருவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறந்து மூச்சு விடாமல் கிடக்கும் கன்றிடம் நீ பேசுகிற பேச்சு அது என்று உன் அம்மா போன மாதம்தான் எனக்குச் சொன்னார்.

எங்கள் கிளப்பின் முதலுதவிக்காரர் கிளிஃப் மூச்சிரைக்க ஓடி வந்தார். உன் கை இருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "நீயே புடி தம்பி, விட்றாத" என்று உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஹெலிகாப்டர் மைதானத்தில் இறங்கப் பத்தொன்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் உன் கை அசையவில்லை. முழங்கை வரை ரத்தம். அது அவன் ரத்தம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நியூகாசலில் அவனுக்கு அறுவை செய்த டாக்டர் மெலிந்த, உயரமான பெண். ஆறு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் என்னிடம் முதலில் கேட்டது, "கிரவுண்டுல இவரை யாரு பாத்துக்கிட்டாங்க?" அவனைப் பிடித்து விழுத்தாட்டிய பையன்தான் என்றேன். அவர் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் பையன்கிட்ட சொல்லுங்கம்மா. எங்ககிட்ட வந்தப்போ மூளை வீங்கியிருந்துச்சு. ஆனா மூச்சுக்கு ஏங்கல. ஏங்கியிருந்தா நாங்க செய்யறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது" என்றார்.

உன்னிடம் சொல்லச் சொன்னார், கேலப். அந்தச் செய்தி உன்னிடம் வந்து சேரப் பத்து மாதம் ஆகியிருக்கிறது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

வீங்கிய மூளைக்கு இடம் வேண்டும் என்று மண்டை ஓட்டில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்திருந்தார்கள். ஐந்தரை மாதம் அவன் அப்படித்தான் இருந்தான். கட்டுப் பிரித்த பிறகு முதல் தடவை ஈரத்துணியால் தலையைத் துடைத்துவிடச் சொன்னார்கள். நான் துடைத்தேன். தோலுக்குக் கீழே அது மெல்லத் துடித்தது. ஏறி இறங்கியது. குழந்தையாக இருந்தபோது உச்சிக்குழியில் துடிக்குமே, அதே மாதிரி, ஆனால் பெரிதாக. பத்தொன்பது வருடம் நான் ஷாம்பு போட்டு, துவட்டி, பேன் பார்த்து, திட்டிக்கொண்டே வாரிவிட்ட தலை. அதற்குள் இப்படி ஒன்று உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தேவாலயம் போகிற பழக்கம் இல்லை. அன்றைக்கு அந்த ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றேன். நர்ஸ் வந்து, "பயமா இருக்கா?" என்று கேட்டாள். பயம் இல்லை.

இருபத்து மூன்றாம் நாள் கண் திறந்தான். முதல் வார்த்தை ஆறு வாரம் கழித்து. "அம்மா" என்று நினைக்கிறாயா? நான் வேலை முடிந்து சீருடையோடு போயிருந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பஸ்" என்றான். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அடுத்த ஒன்பது நாளும் எனக்குப் பெயர் பஸ்தான்.

தண்ணீர் என்று சொல்ல வராது, சீப்பை ஃபோர்க் என்பான். ஆனால் ஒரு நாள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த யாரோ ஸ்கார்த் கிளப் பாட்டை முணுமுணுக்க, இவன் மூன்று அடிகளையும் ஒரு சொல் பிசகாமல் பாடினான். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், பேச்சு ஓர் அறையிலும் பாட்டு வேறு அறையிலும் குடியிருக்கிறதாம். தண்ணீர் கேட்க வேண்டும் என்றால் அதை ராகமாகக் கேட்கச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு மாதம் முழுக்க என் பிள்ளை எல்லாவற்றையும் பாடித்தான் கேட்டான்.

தேநீர் ஆறிவிட்டது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எழுத வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

அந்த ஆட்டத்துக்குப் பதினோரு நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சியில் டெக்லன் தன் சொந்த அணிக்காரன் டேனியின் தலையோடு தலை மோதினான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தவன் சமையலறைத் தொட்டியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். விளக்கை அணைக்கச் சொன்னான், வெளிச்சம் குத்துகிறது என்றான். நான் உறைந்த பட்டாணிப் பையைத் துணியில் சுற்றி நெற்றியில் வைத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ட்ரெவர்கிட்ட சொல்லாதம்மா. சொன்னா மூணு வாரம் கிரவுண்டு பக்கமே விடமாட்டார். ஃபைனல் போயிரும்" என்றான்.

ட்ரெவர் எங்கள் கோச் என்பது உனக்குத் தெரியும். ஸ்கார்த் அந்தக் கோப்பையை ஜெயித்து முப்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. டெக்லனின் அப்பா எங்களை விட்டுப் போன பிறகு இந்த ஊரில் என்னைப் பார்த்ததும் மக்கள் பேச்சைக் குறைப்பார்கள். அந்த வருடம்தான் எல்லாரும் என்னை நிறுத்தி, "உன் பையன் என்ன ஆட்டம் ஆடறான்" என்றார்கள். பஸ்ஸில் ஏறும்போதே சொல்வார்கள். எனக்கும் அந்த ஃபைனல் வேண்டும் என்று இருந்தது, கேலப். அவனைவிட எனக்குத்தான் அதிகம் வேண்டியிருந்ததோ என்னவோ.

வியாழக்கிழமைப் பயிற்சிக்கு அவனால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் ட்ரெவருக்குப் போன் செய்தேன். "வயித்து வலி, எதையோ தின்னுட்டான்" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை. அடுத்த வாரம் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போனான். மாத்திரையை எடுத்துக் கொடுத்ததும் நான்.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது சின்ன அடி பட்டால்கூட மூளை ஒரேயடியாக வீங்கிவிடலாம் என்று டாக்டர் எனக்குப் பிறகு விளக்கினார். இரண்டாவது அடி பெரிதாக இருக்க வேண்டியதே இல்லையாம். பஸ் படியில் தடுக்கி விழுந்திருந்தாலும் போதுமாம். சமீபத்தில் தலையில் அடி ஏதும் பட்டதா என்று அன்று அவர் கேட்டபோது இல்லை என்று சொன்னேன். மறுநாள் காலையில் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. குறித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

டாக்டரிடம் சொன்னேன். ஊரிடம் சொல்லவில்லை. விசாரணைக் குழு உன்மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தது. ஊர் அந்தத் தாளைப் படிக்கவில்லை. உன் போனுக்கு என்னென்ன அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பண்ணைக் கேட்டில் சிவப்புப் பெயிண்டில் எழுதியது எங்கள் ஊர்ப் பையன்கள். ஒரு நாள் கறிக்கடையில் ஒரு பெண், "அந்த ரேவன்பி பயலை உள்ள தள்ளணும், இல்லையா ஜனீன்?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் அரைக் கிலோ சாசேஜ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஜூலையில் நீ ஊரை விட்டுப் போனாய் என்று கேள்விப்பட்டபோது நான் மருத்துவமனையில் இருந்தேன். இனி யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள், உனக்கும் நிம்மதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது.

டெக்லனின் தலையில் தகடு வைத்து மூடிய பிறகு, பிப்ரவரியில் ஒரு நாள், உங்கள் பண்ணைக்குப் போனேன். உன் அம்மா பால் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. தொட்டி முழுக்கக் கழுவி முடித்து, கையைத் துடைத்துவிட்டு, "மன்னிக்கறதெல்லாம் என்னால முடியாது ஜனீன். அது அவன் விஷயம். விலாசம் தர்றேன். ஆனா முதல்ல உன் ஊர்ல போய்ச் சொல்லு" என்றார். பிறகு உட்கார வைத்து ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த குழம்பைச் சாப்பிடக் கொடுத்தார். நான் ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை. உன் அம்மாவைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை கிளப்பில் கூட்டம். பந்தோடு ஓடி வருகிறவனை இனிமேல் கக்கத்துக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்று வந்திருக்கும் புது விதியைப் பற்றி. நாற்பது பேர் இருந்தோம். ஆண்கள் வழக்கம்போலக் கேலி செய்தார்கள். "இனிமே கைகுலுக்கிட்டு 'தயவுசெஞ்சு நில்லுங்க'ன்னு சொல்ல வேண்டியதுதான்" என்றான் ஒருவன். "பந்தைத் தட்டுல வெச்சுக் குடுத்துருங்கடா" என்றான் இன்னொருவன். ஒரே சிரிப்பு. நான் எழுந்து நின்றேன். டெக்லனைப் பற்றி எதுவோ உருக்கமாகச் சொல்லப் போகிறேன் என்று சிரிப்பை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை நடந்ததையும், வியாழக்கிழமை நான் போன் செய்ததையும், ரேவன்பி பையன் என் பிள்ளையின் உயிரைப் பிடித்து வைத்திருந்ததையும் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"வயித்து வலின்னு சொன்னியே, ஜனீன்" என்றார் ட்ரெவர்.

"பொய் சொன்னேன், ட்ரெவர்" என்றேன்.

என்னை வெளியே போகச் சொல்வார்கள் என்று நினைத்துக் கோட்டை எடுத்துக்கொண்டேன். அப்போது ட்ரெவர், "அந்த வாரம் பயிற்சில அவன் ரெண்டு தடவை பந்தைக் கீழ விட்டான். பந்தை விடறவனே இல்ல அவன். நான் பாத்தேன். கேக்கல. எனக்கும் ஃபைனல் வேணும்னு இருந்துச்சு" என்றார். டேனி எழுந்தான். "மோதுனது என் தலைலதான். எனக்கும் ரெண்டு நாள் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. நானும் சொல்லல" என்றான். பிறகு நடந்ததைத்தான் நான் உன்னிடம் நேரில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள், கேலப். அணு ஆலையில் வேலை செய்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், கழுத்தே இல்லாத ஆட்கள். அறுபது வயது பாரி, அவரை நீ பார்த்திருப்பாய், இரண்டு காதும் நசுங்கிப் போனவர், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "எண்பத்தொம்பதுல ஒரு மேட்ச் முழுசா ஆடி ஜெயிச்சேனாம். மெடல் வீட்ல இருக்கு. அந்த மேட்ச் எனக்கு இன்னிவரைக்கும் ஞாபகமில்ல. பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது" என்றார். அவர் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊரில் பிறந்து ஐம்பத்திரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டது போல இங்கே நான் எதையும் கேட்டதில்லை.

மறுநாள் காலை எங்கள் பையன்கள் இரண்டு பேர் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு உங்கள் பண்ணைக்குப் போயிருக்கிறார்கள். உன் அம்மா, "கேட்டை நாங்க எப்பவோ கழுவியாச்சு. வந்ததுதான் வந்தீங்க, சாணி அள்ளுங்க" என்று சொல்லி மத்தியானம் வரை அள்ள வைத்தாராம்.

டெக்லனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு மாதம் முழுவதும் அவனுக்கு நினைவில்லை. சொல்லாதே என்று தான் கேட்டதும் நினைவில் இல்லை. "நானா கேட்டேன்?" என்று இரண்டு தடவை கேட்டான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் கோர்க்க அவனுக்கு நேரமாகும். கடைசியில், "நீ... வேண்டாம்னு... சொல்லியிருக்கணும்மா" என்றான். ஆமாம் என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் பித்தான் போட்டுவிடச் சொல்லி வந்து நின்றான். போட்டுவிட்டேன். போடும்போது, "அந்தப் பையனைக் கடிச்சேனா?" என்று கேட்டான். ஆமாம், எலும்பு வரைக்கும் என்றேன். "ஐயோ. சாரி சொல்லணுமே" என்றான். அவன் இனி விளையாட முடியாது. அது அவனுக்குத் தெரியும்.

நீ திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அங்கே பக்கத்துப் பண்ணைப் பையன்கள் சனிக்கிழமைதோறும் உன்னை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், நீ போவதில்லை என்று உன் அம்மா சொன்னார். அதற்காகத்தான் ஒன்று கேட்கிறேன். போய் விளையாடு, தம்பி. உன் பிடியில் எந்தத் தவறும் இல்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள் சொல்கிறேன்.

ஆனால் ஒரு நாள் உன் தலையில் அடிபட்டு, வெளிச்சம் குத்தினால், யாரிடமாவது சொல். கோச்சிடம் சொல், முதலாளியிடம் சொல், பால் வண்டிக்காரனிடமாவது சொல். சொல்ல ஆள் இல்லை என்றால் எனக்குப் போன் செய். நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இங்கே எந்த நேரமாக இருந்தாலும் எடுப்பேன். சொல்லாதே என்று நீ கெஞ்சினாலும் உன் பண்ணைக்கும் உன் கிளப்புக்கும் உன் அம்மாவுக்கும் அடுத்த நிமிடமே சொல்லிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு. நீ நீண்ட காலம் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உனக்குக் கடன்பட்ட
ஜனீன் ஹார்ட்லி